சீனப் பீங்கானில் அரபு எழுத்து: பேரரசர் முஸ்லிம் ஆனாரா?

12 ஜனவரி 2023, கேள்வி

மிங் வம்சத்துப் பேரரசர் ஜெங்தே ரகசியமாக இஸ்லாத்துக்கு வந்துவிட்டார், அதனால்தான் அரண்மனைப் பீங்கானில் அரபு வாசகம் எழுத வைத்தார், பன்றி வளர்க்கவும் தடை போட்டார் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? இன்னொன்று: எங்க வீட்டுப் பரணில் அரபு எழுதின பெரிய சீனத் தட்டு ஒன்று கிடக்கிறது. அதுவும் அந்தக் காலத்ததா?

12 ஜனவரி, இரவு

சாமான் உண்மை. கதை சந்தேகம்.

ஜெங்தே ஆட்சி 1505 முதல் 1521 வரை. அந்தக் காலத்து நீலம்-வெள்ளைப் பீங்கானில் அரபு எழுத்து தீட்டியவை ஒரு தனிக் கூட்டமாகவே இருக்கின்றன. ஜிங்தேஜென் ஊரில் அரசுச் சூளையில் சுட்டவை. அடியைத் திருப்பினால் ‘மகா மிங், ஜெங்தே ஆண்டுகளில் செய்தது’ என்று ஆறு சீன எழுத்தில் முத்திரை இருக்கும். கப்பலேறிச் சந்தைக்குப் போன சரக்கு இல்லை, அரண்மனைச் சரக்கு. அதிலும் முக்கால்வாசி எழுத்து மேசைச் சாமான்கள்தான்: தூரிகை சாய்த்து வைக்கும் தாங்கி, மேசைமேல் நிற்கும் குட்டித் திரை, மூடி போட்ட டப்பா, தூபக்கால். பூக்கொடிச் சுருளுக்கு நடுவே வட்டம் போட்டு, வட்டத்துக்குள் எழுத்து.

பன்றித் தடையும் உண்மை, 1519-ல். ஆனால் காரணம் வேறு. பன்றிக்குச் சீனத்தில் ‘ஜூ’. மிங் அரச குடும்பத்தின் பெயரும் உச்சரிப்பில் அதே ‘ஜூ’. போதாததற்கு இவர் பிறந்த 1491 சீன நாள்காட்டியில் பன்றி ஆண்டு. ஊரெல்லாம் தன் பெயரை வெட்டிக் கூறு போட்டு விற்கிறார்கள் என்றால் எந்த ராஜாவுக்குத்தான் பொறுக்கும். தடையும் ரொம்ப நாள் நிற்கவில்லை.

இவர் சுபாவத்தையும் பாருங்கள். அரண்மனையில் இருக்கப் பிடிக்காமல் ‘சிறுத்தை மாளிகை’ என்று தனியாகக் கட்டிக்கொண்டு போனவர். தனக்கே ஜூ ஷோ என்று இன்னொரு பெயர் வைத்து, அந்த ஜூ ஷோவைத் தளபதியாக நியமித்து ஆணை போட்டவர். திபெத்திய லாமாக்களைக் கூடவே வைத்திருந்தவர். இப்படி ஒரு ஆள் மேசையில் அரபு எழுத்து இருந்தால், அதை வைத்து அவர் எந்த மதம் என்று முடிவு கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

பரண் தட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். அடிப்பக்கம் முக்கியம்.

13 ஜனவரி

அப்போது எழுதச் சொன்னது யார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வழக்கமாகச் சொல்லும் பதில்: அரண்மனை அண்ணகர்கள், அதாவது விதை நீக்கப்பட்ட ஆண் பணியாளர்கள். அவர்களில் முஸ்லிம்கள் கணிசம், ஜெங்தே காலத்தில் அவர்கள் கை ஓங்கியிருந்தது, சூளை மேற்பார்வையும் அவர்களிடம்தான் இருந்தது. தங்களுக்காகவோ, பள்ளிவாசலுக்குக் கொடுக்கவோ செய்ய வைத்திருப்பார்கள் என்பது வாதம். நேற்று ராத்திரி நானும் அதைத்தான் முடிந்த முடிவாக எழுதப்போனேன். பிறகு தோன்றியது, பேரரசர் மதம் மாறினார் என்பவரும் சந்தர்ப்ப சாட்சியைத்தான் வைக்கிறார், அண்ணகர் என்பவரும் அதையேதான் வைக்கிறார். அடியில் இருப்பது ஆட்சிப் பெயர் மட்டும். ஆர்டர் கொடுத்தவன் பெயரை எந்தக் குயவனும் தீட்டுவதில்லை.

ஒன்று சொல்லலாம். குர்ஆன் வசனம் தீட்டிய மேசைத் திரை என்றால், அதைத் தினமும் பார்த்து வாசிக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார். பரிசுச் சாமான் என்றாலும், வாங்கிக்கொள்பவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும்.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

‘அரபு, அரபு’ என்று எழுதிக்கொண்டே போகிறேன். தப்பு. எழுத்து அரபு, மொழி பல இடத்தில் பாரசீகம். உருது பலகையைப் பார்த்து அரபு என்று சொல்லும் ஆளைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், இப்போது நானே.

16 ஜனவரி

லண்டனில் இருக்கும் மச்சானிடம் சொல்லி பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினேன். 95-ஆம் அறை, பெர்சிவல் டேவிட் சேகரிப்பு, கண்ணாடிக்குள் அடுக்கடுக்காக ஆயிரத்துக்கு மேல் சீனச் சாமான். எதை எடுக்கணும் என்று தெரியாமல் நாற்பது போட்டோ அனுப்பிவிட்டான். பாதியில் அவன் முகம்தான் கண்ணாடியில் தெரிகிறது. ஆனால் நான் கேட்ட ஒன்று தெளிவாக விழுந்திருந்தது.

தூரிகைத் தாங்கி. ஐந்து சிகரம் உள்ள குட்டி மலை. சிகரத்துக்கும் சிகரத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஈரத் தூரிகையைச் சாய்த்து வைக்கவேண்டும். மலை சீன வழக்கம், தூரிகை சீன வழக்கம். மலையின் உடம்பில் மட்டும் நீலத்தில் பாரசீகச் சொல் ஒன்று: ‘காமா தான்’. காமா என்றால் எழுதுகோல். தான் என்றால் வைக்கும் இடம். வெற்றிலைப் பெட்டியைப் பான்தான் என்கிறோமே, அதே ‘தான்’.

அவ்வளவுதான் வாசகம். பேனா ஸ்டாண்டின் மேல் ‘பேனா ஸ்டாண்டு’ என்று எழுதியிருக்கிறது! பேரரசர் ஈமான் கொண்டதற்கு, அதாவது இஸ்லாத்தை ஏற்றதற்கு, ஆதாரமாக வாட்ஸப்பில் சுற்றுவது இந்தப் படமும்தான். எங்க வீட்டில் உம்மா டப்பாவுக்கெல்லாம் ‘கடுகு’, ‘சீரகம்’ என்று ஒட்டி வைப்பார்கள். அதைப் பார்த்து இவர்கள் கடுகை வணங்குகிறார்கள் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

மேற்கொண்டு ஒரு விஷயம். அரபு எழுத்துத் தெரிந்தவர்கள் விரலால் எழுதிப் பாருங்கள்: கே, அலிஃப், மீம், ஹே. தால், அலிஃப், நூன். மொத்தம் ஏழு எழுத்து, இரண்டே புள்ளி. ஒன்று கே தலையில், ஒன்று நூன் மேல். முதல் புள்ளி தலையில் விழாமல் கீழே வயிற்றில் விழுந்தால் கே ஜீம் ஆகிவிடும், சொல் ‘ஜாமா தான்’. அதுவும் பாரசீகத்தில் உள்ள சொல்தான், துணிப் பெட்டி என்று அர்த்தம். எழுத்துத் தெரியாத ஒருவர் ஒரு புள்ளியைத் தவற விட்டிருந்தால், சீனப் பேரரசர் மேசையில் கையளவு துணி அலமாரி ஒன்று நின்றிருக்கும். விடவில்லை. சரியான இடத்தில் வைத்திருக்கிறார்.

17 ஜனவரி

அந்தப் புள்ளியே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இது. வனைந்து காய்ந்த பச்சை மண்மேல் நேராகத் தீட்டுவார்கள். பிறகு மெருகுக் குழம்பு பூசி, ஒரே சூட்டில் சுமார் 1300 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். நீலம் தரும் கனிமம் கோபால்ட், தீட்டும்போது அது நீலமாகவே இருக்காது, சாம்பல் கருப்பாக இருக்கும். நீலம் சூளைக்குள் போய்த்தான் வரும். காய்ந்த மண் தூரிகையில் உள்ள தண்ணீரைத் தொட்டதும் உறிஞ்சிவிடும். அழிக்க முடியாது. தயங்கி நின்றால் அந்த இடத்தில் திட்டு. அரபு எழுத்தோ நாணல் பேனாவுக்குப் பிறந்தது, வெட்டின நுனியைத் திருப்பத் திருப்பத் தடிமன் மாறும். தூரிகையில் அது வராது. அதனால் இந்தச் சாமான்களில் எழுத்தின் கால்கள் மூங்கில் இலை மாதிரி கூராக முடிகின்றன. சில தட்டில் வெளிக்கோட்டை முதலில் போட்டு உள்ளே நிரப்பியிருக்கிறார்கள், பூ இதழுக்கு வண்ணம் வைப்பதுபோல.

ஒரு கிண்ணம் முடிய 72 கை படவேண்டும் என்று 1637-ல் வந்த ஒரு சீனக் கைத்தொழில் நூல் கணக்குச் சொல்கிறது. கோடு போடுகிறவர் வேறு, நிரப்புகிறவர் வேறு. எழுத்துப் போட்டவருக்கு அரபு தெரிந்திருக்கவேண்டிய கட்டாயமே இல்லை. யாரோ தாளில் மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இவர் அதைப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

இதைக் கிண்டலாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ‘வாசிக்கத் தெரியாமல் எழுதினவர்’ என்று. பிறகு மதரஸா ஞாபகம் வந்தது. ஆறு வயதில் அலிஃப் பே கற்று, ஒன்பது வயதில் குர்ஆனின் முப்பது ஜுஸ்வும் (பாகமும்) ஓதி முடித்து, ஊருக்கே நார்சா (இனிப்பு) கொடுத்தாயிற்று. அர்த்தம் ஒரு வரிகூடத் தெரியாது. புள்ளி மாறினால் மட்டும் உஸ்தாது பிரம்பு கையில் விழும். அந்தச் சூளைக்காரருக்கும் எனக்கும் வித்தியாசம், அவருக்கு வாயால் சொல்லத் தெரியாது, எனக்குத் தெரியும். அர்த்தம் இரண்டு பேருக்கும் கிடையாது. அவருக்கும் யாராவது ஒரு உஸ்தாது பக்கத்தில் நின்றிருப்பார்.

19 ஜனவரி

நிறத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. நீலமே முஸ்லிம்கள் கொடுத்ததுதான் என்று சொல்வது ஓரளவு சரி. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்திலும் 15-ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலும் நல்ல கோபால்ட் ஈரான் பக்கமிருந்து போனது. அதில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. உள்ளூர்ச் சீனக் கோபால்ட்டில் மாங்கனீசு அதிகம். ஈரான் கோபால்ட்டில் இரும்பு அதிகம் என்பதால்தான் அந்தப் பழைய சாமான்களில் நீலம் அடர்ந்த இடத்தில் இரும்புக் கறை மாதிரி கரும்புள்ளி தெறித்திருக்கும். பிற்பாடு போலி செய்தவர்கள் அந்தக் கறையைக்கூடத் தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார்கள், அப்படி மவுசு.

‘ஹுய்ஹுய் சிங்’ என்று சீனத்தில் ஒரு பெயரே உண்டு, முஸ்லிம் நீலம் என்று அர்த்தம். ஜெங்தே சாமானிலும் அதுதான் என்று அடித்து எழுத வந்தேன். மச்சான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல சாமானில் நீலம் சாம்பல் கலந்து மங்கலாக இருக்கிறது. அந்த ஊதா கலந்த பளீர் நீலத்துக்குப் பேர்போனது அடுத்து வந்த ஜியாஜிங் ஆட்சி, 1522-லிருந்து. அதனால் மேற்படி அடித்து எழுதுதல் ரத்து.

22 ஜனவரி

பரண் தட்டு போட்டோ வந்துவிட்டது. கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அது நீலம் வெள்ளை இல்லை. சிவப்பும் பச்சையும் மெருகுக்கு மேலே தீட்டியது, அதன்மேல் கருப்பில் எழுத்து, நடுவில் கட்டம் போட்டு எண்கள். இந்த ஜாதிக்கு ஸ்வாட்டோ என்று சேகரிப்பாளர் வட்டத்தில் பெயர், சுட்டது ஃபூஜியன் மாகாணத்து ஜாங்ஜோ பக்கம். 16-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் 17-லும் தென்கிழக்காசியச் சந்தைக்காகவே செய்தார்கள். சுமத்ரா, ஜாவா பக்கம் விருந்துக்குப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கை வைக்கும் அளவுக்குப் பெரிய தட்டுகள். அசல் ஸ்வாட்டோ என்றால் அடி வளையத்தில் சூளை மணல் ஒட்டியே இருக்கும். விரலால் தடவினால் பூரானைத் தொட்ட மாதிரி நெருடும். மேசையில் இழுத்தால் கீறல் விழும். அரண்மனைச் சரக்கில் அப்படி ஒன்று இருந்தால் சூளைக்காரர் தலை போயிருக்கும்.

உங்கள் தட்டின் அடி வளையம் போட்டோவில் வழவழவென்று வெள்ளையாக இருக்கிறது. எழுத்துகளைப் பெரிதாக்கினால் ஓரம் பொடிப் புள்ளியாக உடைகிறது. அது அச்சு, கையெழுத்து இல்லை. மிஞ்சிப் போனால் உங்கள் பாட்டனார் காலம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில். ஒரு பழைய சாமான் கடையில் அரபு எழுதின கிண்ணம் பார்த்தேன், அடியில் ஜெங்தே முத்திரை வேறு. ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து நாலு பேருக்குப் போட்டோ அனுப்பிப் பெருமையும் அடித்தாயிற்று. அடுத்த வாரம் வந்த நண்பர் கையில் எடுக்கக்கூட இல்லை. எட்டி நின்று, ‘பாத்திரம் கழுவுற மெஷின்ல போடலாம், ஒண்ணும் ஆகாது’ என்றார். ஆட்சி முத்திரை ஆட்சிக்கு அத்தாட்சி இல்லை. ஜெங்தே முத்திரையைப் பின்னால் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டிருக்கிறார்கள். அரபு எழுதின வெண்கலத் தூபக்கால்களிலும் இதே கதைதான். கிண்ணத்தில் இப்போது சாவி போட்டு வைக்கிறேன்.

22 ஜனவரி, திரும்பவும்

பூரான் உவமை நன்றாக இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உப்புத்தாள் என்று திருத்திக்கொள்ளவும்.

25 ஜனவரி

கட்டம் போட்ட எண்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டேன், அதுதான் சுவாரசியம்.

மாயச் சதுரம். எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை. பிஸ்மில்லாஹ்வுக்கு அப்ஜத் கணக்கில் (எழுத்துக்கு ஒரு எண் வைத்துக் கூட்டுவது) 786 வருவது நம் பக்கம் ஆட்டோ முன்கண்ணாடிக்குக்கூடத் தெரியும். அதே மாதிரி வசனத்தையோ பெயரையோ எண்ணாக்கிச் சதுரத்தில் பரப்பி வைப்பார்கள். ஸ்வாட்டோ தட்டிலும், அதற்குப் பின் முஸ்லிம் வாங்குவோருக்கென்று சீனாவில் செய்த கிண்ணங்களிலும் இது நிறைய வரும்.

நான் கப்பல் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஏலப் படம் ஒன்றில் இருந்த நாலுக்கு நாலு சதுரத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்று வரிசை ஒத்துப்போனது, நாலாவது ஒன்று குறைந்தது. அரபு எண்ணில் இரண்டுக்கும் (٢) மூன்றுக்கும் (٣) ஒரு பல்தான் வித்தியாசம். ஏழைத் (٧) தலைகீழாகப் பிடித்தால் எட்டு (٨). சீனக் கையில் ஒரு பல் குறைந்துவிட்டது. வசனத்தில் பிழை இருக்கிறதா என்று பார்க்க மொழி தெரியவேண்டும். சதுரத்தில் பிழை பார்க்கக் கூட்டல் தெரிந்தால் போதும், தட்டே தன் எழுத்தாளரைக் காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சலுக்கு இந்தத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் குடித்த சுமத்ராக்காரருக்கு ஒன்று குறைவாகத்தான் குணமாகியிருக்கும்.

26 ஜனவரி

மாயச் சதுரம் அரபு நாட்டிலிருந்து சீனாவுக்குப் போனதா, அங்கிருந்து வந்ததா என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் தீனி போடுகிறேன்.

மூன்றுக்கு மூன்று சதுரம், மூலைகளில் 2, 4, 6, 8. அரபு மந்திர வழக்கில் அந்த நாலு எண்ணுக்கும் எழுத்துப் போட்டால் ‘பதூஹ்’ என்று வரும், கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர உறைமேல் எழுதுவார்கள். அதே ஒன்பது எண், அதே அடுக்கு, சீனர்களிடம் ‘லோ ஷூ’ என்ற பெயரில் ரொம்பப் பழையது, ஆமை முதுகில் வந்தது என்று கதை. ஆக ஜிங்தேஜென்காரரோ ஜாங்ஜோக்காரரோ இதைப் பார்த்துப் போட்டபோது எண் வடிவம்தான் அந்நியம். அது என்னவென்று யாராவது சொல்லியிருந்தால், ‘அட, இது நம்ம வீட்டு ஆமை’ என்றிருப்பார்.

எதிர்ப்பக்கத்துக்கு: 1956-ல் சீ-ஆன் அருகே யுவான் இளவரசர் ஒருவரின் மாளிகை இருந்த இடத்தில் இரும்புத் தகடுகள் கிடைத்தன. ஆறுக்கு ஆறு சதுரம், 1 முதல் 36 வரை, எந்த வரிசையும் 111. எண்கள் அத்தனையும் அரபு எண். கட்டடத்துக்குக் கெடுதல் வராமல் இருக்க அஸ்திவாரத்தில் புதைத்தது. சீன மண்ணில், மங்கோலிய அரண்மனைக்கு, முஸ்லிம் கணக்கு.

நம் ஊர்க் குபேரக் கோலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்: 27, 20, 25 / 22, 24, 26 / 23, 28, 21. ஒவ்வொன்றிலும் 19-ஐக் கழித்தால் 8, 1, 6 / 3, 5, 7 / 4, 9, 2. ஆமைதான். யார் யாரிடம் எடுத்தார்கள் என்று நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை, கழித்துப் பார்த்ததோடு சரி.

2 பிப்ரவரி

பாரசீகத்துக்குத் திரும்புகிறேன். சீன அரண்மனைக்குப் பாரசீகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கல் இருக்கிறது. காலி முத்தொழிக் கல்வெட்டு. 1911-ல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். 1409 தேதியிட்டு, மிங் பேரரசர் யோங்லேயின் கடற்படைத் தளபதி ஜெங் ஹெயின் கடற்பயணத்தில் வந்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனம் புத்தருக்கு, தமிழ் தெனவரை நாயனார் என்ற தென்னிலங்கைத் தெய்வத்துக்கு, பாரசீகம் இஸ்லாத்தின் பேரில். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே காணிக்கைப் பட்டியல். மேலைக் கடல் வியாபாரிகளோடு பேச மிங் அரசு கையில் வைத்திருந்த மொழி பாரசீகம். 1407-லேயே தலைநகரில் அரசு மொழிபெயர்ப்பு நிலையம் வைத்து அதில் பாரசீகத்துக்கென்று தனிப் பிரிவும் நடத்தினார்கள். ‘காமா தான்’ என்று எழுதிக் கொடுக்க ஆள் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

பேரரசர் முஸ்லிமா என்ற கேள்விக்கு இதைத்தான் முதல் நாளே போட்டிருக்கவேண்டும். கல்லில் பாரசீகம் வெட்டினதால் யோங்லே பேரரசர் முஸ்லிம் என்றால், அதே கல்லின்படி அவர் தெனவரை நாயனார் பக்தர்.

2 பிப்ரவரி

முத்தொழி இல்லை, மும்மொழி. விரல் வழுக்கிவிட்டது. மாற்ற மனமில்லை, மேலே அப்படியே கிடக்கட்டும், எழுத்துப் பிழையைப் பற்றித்தானே பேசுகிறோம்.

5 பிப்ரவரி

‘பீங்கான்’ சீனச் சொல்லா என்று கேட்டவருக்கு: இல்லை, அதுவும் பாரசீகம். ‘பிங்கான்’ என்றால் கிண்ணம். அரபில் போய் ‘ஃபின்ஜான்’ ஆகி, காப்பிக் குவளைக்குப் பெயர். மலாயில் ‘பிங்கான்’ என்றால் தட்டு, இங்கே சிங்கப்பூரில் தினம் கேட்கும் சொல். சீனச் சரக்கு, பாரசீகப் பெயர், சுமந்தது எந்தெந்த ஊர்க் கப்பலோ. பாரசீகத்தில் ‘சீனி’ என்றால் பீங்கான், நமக்குச் சீனி என்றால் சர்க்கரை. பள்ளிவாசல் பயானில் (மார்க்க உரையில்) ‘கலம்’ என்றால் எழுதுகோல், சங்கப் பாட்டில் கலம் என்றால் பாத்திரமும் கப்பலும். கலத்தில் கலத்தால் எழுதிக் கலத்தில் ஏற்றினார்கள். இதற்கு மேல் போனால் அடிப்பீர்கள்.

11 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை... இல்லை, இன்று சனி. ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போனேன். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுப் பக்கம் 1998-ல் மூழ்கிய நிலையில் கிடைத்த கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. சுமார் 60,000 சாமான், பெரும்பாலும் சாங்ஷா கிண்ணங்கள். ஒன்றில் 826-ஆம் ஆண்டுக்குச் சரியாகும் சீனத் தேதி கீறியிருக்கிறது. ஜெங்தேக்கு ஏழு நூற்றாண்டு முன்னால். பீங்கான் என்று சொல்லக் கூடாது, கல்மண் சாமான். கிண்ணத்துக்குள் பறவை, மீன், மேகம் என்று பழுப்பிலும் பச்சையிலும் இரண்டு இழுப்பில் தீட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் படமும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் அரபு மாதிரியே ஓடும் கோடுகள்.

கண்ணாடிமேல் மூக்கு ஒட்டப் பத்து நிமிடம் நின்றேன். ஓதத் தெரிந்தவனுக்கு இது ஒரு இம்சை. அலிஃப் மாதிரி ஒன்று, லாம் மாதிரி ஒன்று, அடுத்து ஹே வந்துவிட்டால் போதும், ‘அல்லாஹ்’ ஆகிவிடும் என்று கண் துடிக்கிறது. வரவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் யோங்லே காலத்து நீலம்-வெள்ளைத் தாங்கி ஒன்று உண்டு, அடியும் மூடியும் இல்லாத உருளை, எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகளின் பித்தளைத் தாங்கியைப் பார்த்து அப்படியே செய்தது. பித்தளையில் எழுத்துப் பட்டை இருந்த இடத்தில் இதிலும் பட்டை இருக்கிறது, ஆனால் வாசிக்க ஒன்றும் இல்லை, எழுத்து மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். கோடு எழுத்தாக நூறு வருஷத்துக்குள் ஜிங்தேஜெனில் ‘காமா தான்’ வரை வந்துவிட்டார்கள்.

12 பிப்ரவரி

ஒருத்தர் ‘அப்படி நேர்கோடாக வளரவில்லை, ஜெங்தேக்குப் பின் வந்த ஸ்வாட்டோ தட்டுகளில் மறுபடியும் கிறுக்கல்தானே’ என்கிறார். சரி. நேற்றைய கடைசி வரி அழகுக்காக எழுதினது. அரண்மனையில் மாதிரித் தாளும் மேற்பார்வையும் இருந்தது, ஜாங்ஜோவில் மாதக் கடைசியில் கப்பல் நின்றது.

அழியாமல் எழுதின இன்னொரு வகையும் உண்டு: வாங்கினவர் பின்னால் வெட்டியது. ஈரானின் ஷா அப்பாஸ் 1611-ல் அர்தபில் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேல் சீனப் பீங்கானை வக்ஃபு, அதாவது அறக்கொடை, செய்தார், ஒவ்வொன்றிலும் தன் பெயரையும் வக்ஃபு வாசகத்தையும் சின்ன நீள்சதுரத்தில் மெருகை வெட்டிப் பொறித்தார்கள். சூளையில் பிறந்த எழுத்து வழவழப்பு, இது சொரசொரப்பு. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் சீர் கொடுத்தவர் பெயர் வெட்டுவதுதான், ஆள் கொஞ்சம் பெரிய ஆள்.

3 மார்ச்

ஊருக்கு வந்திருக்கிறேன். ராமநாதபுரம் கடற்கரை. உம்மம்மாவிடம் இந்தச் சண்டையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘தட்டுல எழுதினா எழுத்து அப்படியே நிக்குமா வாப்பா? அப்ப எதைக் குடிக்கிறது?’ என்றார்கள்.

எழுதிக் குடிக்கிற பீங்கானை நான் மறந்தே போய்விட்டேன். தெரியாதவர்களுக்கு: காய்ச்சல், பயந்த கோளாறு என்றால் ஓதிப் பார்க்கும் லெப்பை வீட்டுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டு போகும். ஜாஃப்ரானை, அதாவது குங்குமப்பூவை, பன்னீரில் ஊறவைத்து அதைத் தொட்டு நாணலால் தட்டு முழுக்க ஆயத்தோ (குர்ஆன் வசனம்) இஸ்மோ (இறைவன் பெயர்) எழுதித் தருவார். தண்ணீர் ஊற்றிக் கரைத்து மூன்று மடக்கு. இப்போது வீட்டில் பாதிப் பேர் இது கூடாது என்கிறார்கள், அந்த வாதத்தை இங்கே தொடங்கவேண்டாம்.

தட்டை எடுத்துக் காட்டினார்கள். துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால். ஓரத்தில் ஒரு மெல்லிய நீலக் கோடு, மற்றபடி ஒன்றுமே இல்லை. அடியில் ஜப்பான் என்று அச்சு. இத்தனை நாள் எழுத்துள்ள தட்டுகளையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தத் தட்டில் எத்தனை முறை எழுதியிருப்பார்கள் என்று கேட்டேன். ‘உனக்கு மட்டுமே பதினெட்டு இருபது தடவை இருக்கும், நீ சீக்காளிப் பிள்ளை’ என்றார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த மஞ்சள் எழுத்து தண்ணீர் பட்டதும் முதலில் புள்ளிகள் கரைந்து, பிறகு கால்கள் இழைந்து போவதுதான். ருசி பன்னீர்.

வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நடுவில், மெருகு மங்கின இடத்தில், லேசாக மஞ்சள் இருக்கிறது. ஜாஃப்ரானா, பழைய பருப்புக் கறையா தெரியவில்லை என்றேன். பருப்பு போட்டால் கையை உடைப்பேன் என்றார்கள்.

4 மார்ச்

தட்டின் அடி போட்டோ கேட்டிருக்கிறார்கள். தரமாட்டார்களாம். நாளைக்கு மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.